காமில் ஜெனாட்ஸியார் சரித்திரம்

மோட்டார் வண்டி என்ற மாத்திரத்தில் பெட்ரோலின் நெடியும் புகையும் நம் நினைவில் எழுகின்றன. மின்சாரத்தால் ஓடும் வண்டியோ நமது காலத்து நூதனம் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். சென்ற ஆண்டு நமது விடுதியில் நிகழ்ந்த சொற்போர் ஒன்றில் பேசிய மாணவ நண்பர் ஒருவர், மின்சார வண்டி பிறந்து இருபது ஆண்டுகளே ஆயின என்று மிக்க உறுதியுடன் கூறினார். அவையிலிருந்தோர் அனைவரும் அதனை ஒப்புக்கொண்டு கைகொட்டினர். அவ்வவையில் அடியேனும் இருந்தேன். அன்று வாளா இருந்துவிட்ட குற்றத்திற்குப் பரிகாரமாக இச்சரித்திரத்தை எழுதத் துணிந்தேன். நிலத்தின்மேல் மணிக்கு 100 கிலோமீட்டர் என்னும் எல்லையை முதன்முதலாகத் தாண்டிய மோட்டார் வண்டி மின்சார வண்டியேயாம். அது நடந்தது 1899-ஆம் ஆண்டில். அதனைச் செலுத்தியவர் பெல்ஜியம் நாட்டினராகிய காமில் ஜெனாட்ஸி என்பவர்.

ஜெனாட்ஸியார் 1868-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ஆம் நாள், பிரஸ்ஸெல்ஸ் நகரை அடுத்த ஸ்கார்பேக் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் ரப்பர்ப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். செல்வத்திற்குக் குறைவில்லை. மகன் தந்தையின் தொழிலை மேற்கொண்டு சுகமாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அவர் பொறியியற் கல்வி கற்று, மின்சாரத்தால் வண்டிகளை இயக்கும் துறையிற் பேரவாக் கொண்டார். மின்சார விளக்கும் மின்சார டிராமும் ஐரோப்பிய நகரங்களில் அப்பொழுதுதான் பரவிக்கொண்டிருந்தன. அறிவும் ஊக்கமும் உடைய வாலிபர் ஒருவருக்கு அதைவிட ஆசையூட்டும் துறை வேறொன்று இருந்திராது. அவர் பெல்ஜியத்தை விட்டுப் பாரிஸ் மாநகரம் போந்து, மின்சார வண்டிகளும் வாடகை வண்டிகளும் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார்.

அக்காலத்து நிலைமையைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. குதிரையில்லாத வண்டியை இழுப்பதற்கு அன்று மூன்று சக்திகள் போட்டியிட்டன. நீராவி ஒன்று, பெட்ரோல் ஒன்று, மின்சாரம் ஒன்று. இவற்றுள் எது வெல்லும் என்று எவராலும் துணிந்து கூற இயலவில்லை. நீராவி வண்டிக்குக் கொதிகலம் சூடேறும் வரை காத்திருத்தல் வேண்டும். பெட்ரோல் வண்டியோ கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் சலித்த பின்னரே உயிர் பெறும். உயிர் பெற்றபின் உறுமும், நடுங்கும், நாறும். மின்சார வண்டியில் இத்தொல்லை யாதுமில்லை. விசையைத் திருப்பினால் ஓசையின்றிப் புறப்படும். பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1859-இல் ஈயத்தகட்டுச் சேமக்கலத்தை அமைத்தார்; போர் என்பவர் 1881-இல் அதனைத் திருத்தி மிகுந்த மின்சாரத்தைக் கொள்ளும்படி செய்தார். நமது ஆய்வுக்கூடத்தின் மூலையிலே கந்தகத் திராவகம் நிரம்பிக் கிடக்கின்றதே, அந்தக் கலத்தின் முன்னோர் இவையே. இவற்றை வரிசையாக அடுக்கி ஒரு மோட்டாருடன் இணைத்துவிட்டால் வண்டி ஆயிற்று.

எனினும் குறை ஒன்று இருந்தது, அஃது அற்பமானதன்று. ஒரு கிலோகிராம் பெட்ரோலில் ஏறக்குறைய 12,000 வாட்-மணி சக்தி அடங்கியிருக்கின்றது. அதே நிறையுள்ள ஈயச் சேமக்கலத்திலோ முப்பது அல்லது நாற்பது வாட்-மணியே தங்கும். பெட்ரோல் யந்திரம் தான் உண்பதில் முக்காற் பங்கை வெப்பமாக வீணாக்கிவிடுகின்றது என்பது உண்மையே. ஆயினும் மீதமுள்ள காற்பங்கும் சேமக்கலத்தைப் பன்மடங்கு விஞ்சி நிற்கும். ஆகையால் மின்சார வண்டி தன் உணவைத் தானே சுமந்து சுமந்து இளைத்தது. ஜான்தோ என்னும் பாரிஸ் நகரத்து வண்டித் தொழிலாளர் 1895-இல் நடந்த பாரிஸ்-போர்தோ பந்தயத்திற்கு ஒரு மின்சார வண்டியைக் கொண்டுவந்து, வழிநெடுக மாற்றுச் சேமக்கலங்களை முன்னரே சேர்த்துவைத்தும், முழுத்தூரமும் சென்று மீள அவரால் இயலவில்லை. நெடுந்தூரப் பந்தயத்தில் மின்சாரத்திற்கு இடமில்லை என்பது அன்றே வெளிப்பட்டது. குறுந்தூரத்து வேகத்திலோ? அங்கேதான் நமது கதை தொடங்குகின்றது.

1898-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27-ஆம் நாள் பாரிஸ் நகருக்கு அணித்தாகிய ஷாந்தலூ என்னும் மேட்டில் ஒரு பந்தயம் நடைபெற்றது. ஏற்றமான சாலையில், 1,800 மீட்டர் தூரத்தை யார் விரைந்து ஏறுகின்றார் என்பதே பந்தயம். அதில் ஜெனாட்ஸியார் தம் மின்சார வண்டியைச் செலுத்தி முதற்பரிசு பெற்றார். மின்சார மோட்டாருக்கு இது பொருத்தமான களம் என்பதைப் பௌதிகம் பயிலும் மாணவர் எளிதில் உணர்வர். பெட்ரோல் யந்திரம் ஓடத் தொடங்கிச் சுழற்சி மிகுந்த பின்னரே தன் முழுவலியைக் காட்டும்; மின்சார மோட்டாரோ நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்திலேயே மிகுந்த திருகுவிசையைக் கொடுக்கும்.

அடுத்த மாதத்தில், 18-ஆம் நாள், ஒரு மோட்டார்ப் பத்திரிகையினர் அஷேர் என்னும் இடத்தில் வேகப்போட்டி ஏற்படுத்தினர். பாரிஸ் நகரத்துச் சாக்கடை நீர் பாய்ச்சப்பெற்ற பயிர்நிலங்களின் நடுவே செல்லும், மேடு பள்ளம் இல்லாத நேரான சாலை அது. உலகத்து முதல் வேகச் சாதனைகள் நிகழ்ந்த இடம் இத்தகையது என்பது சற்று நகைப்பிற்குரியதே. ஆயினும் நேரான சாலைக்கு நறுமணம் எதற்கு? அங்கே ஷாஸ்லு-லோபா பிரபு என்னும் உயர்குடிப் பிரெஞ்சுக்காரர், ஜான்தோ செய்த மின்சார வண்டியில் ஒரு கிலோமீட்டரை 57 வினாடியில் ஓடிக் கடந்தார். மணிக்கு 63 கிலோமீட்டர். கடிகாரம் வைத்து அளந்து சான்று கொடுக்கப்பெற்ற முதல் நிலவேகம் அதுவே. இப்பிரபுவின் தந்தையார் மூன்றாம் நெப்போலியன் அரசாட்சியில் கடற்படை மந்திரியாக விளங்கியவர். பிரபுவோ 1897-இல் மார்ஸேய் நகரினின்று லா தூர்பி வரை நடந்த பந்தயத்தில் நீராவி வண்டியைச் செலுத்தி வென்ற வீரர்.

ஜெனாட்ஸியார் அன்று அஷேருக்கு வரவில்லை. தாம் இல்லாத இடத்திற் பெற்ற வெற்றி வெற்றியாகுமோ என்று மனம் பொறாதவராய், பிரபுவைப் போருக்கு அழைத்து அறிக்கை விடுத்தார். பிரபுவும் இசைந்தார். இவ்விருவரிடையே பகைமை இருந்ததெனக் கொள்ளல் ஆகாது. முற்காலத்து வீரர்கள் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டே வாட்போர் புரிந்தது போன்றது இது. ஆயினும் அவர்களுக்குப் பின்னே வியாபாரம் நின்றது என்பதையும் மறைத்தல் கூடாது. பாரிஸ் நகர வீதிகளில் யாருடைய வண்டிகள் ஓடும், ஜான்தோவினுடையவையா ஜெனாட்ஸியினுடையவையா என்பதை இப்போட்டிகள் ஓரளவு தீர்மானிக்கும் என்று இருசாராரும் நம்பினர்.

1899-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ஆம் நாள் இருவரும் அஷேரிற் சந்தித்தனர். முதலில் ஓடிய ஜெனாட்ஸியார் ஒரு கிலோமீட்டரை 54 வினாடியிற் கடந்தார்: மணிக்கு 66.66 கிலோமீட்டர். உலகச் சாதனை அவர் கைக்கு வந்தது. அது நிலைத்த நேரம் மிகச் சிறிது. அடுத்துப் புறப்பட்ட பிரபு, எல்லையை அணுகும்போது தம் மோட்டார் எரிந்துபோகவும், வந்த வேகத்திலேயே கோட்டைத் தாண்டி, மணிக்கு 70.31 கிலோமீட்டர் என்று பதிவு பெற்றார். பத்து நாள் கழிந்தபின், 27-ஆம் நாள், ஜெனாட்ஸியார் மீண்டும் வந்து 80.35 கிலோமீட்டர் வேகம் காட்டினார். மார்ச்சு மாதம் 4-ஆம் நாள் பிரபு தம் வண்டியின் முகப்பைக் கூர்மையாக்கி, காற்றைக் கிழித்துச் செல்லுமாறு திருத்திக் கொணர்ந்து, 92 கிலோமீட்டருக்கு மேல் ஓடினார். இரண்டரை மாதத்தில் 63 என்பது 92 ஆயிற்று. வேறு எந்த மூன்று திங்களிலாவது மனிதன் தன் வேகத்தை இத்துணை விரைவாக உயர்த்திக்கொண்டதுண்டோ என்று எமக்கு ஐயம்.

இந்நிலையில் ஜெனாட்ஸியார் ஒன்றைத் தெளிந்தார். பழைய வண்டியையே திருத்திக்கொண்டிருத்தலாற் பயனில்லை. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தை ஒத்துப் பெருகுகின்றது; அதனை வெல்வதற்கு வேண்டும் வலியோ வேகத்தின் கனத்தை ஒத்துப் பெருகுகின்றது. 63 கிலோமீட்டரினின்று 105 கிலோமீட்டருக்கு ஏறவேண்டுமானால், காற்றை வெல்ல மட்டும் நான்கரை மடங்குக்கு மேற்பட்ட வலி வேண்டும். ஆகவே வேகத்திற்கென்றே ஒரு வண்டியைப் புதிதாகச் செய்வித்தார்.

அதன் உருவம் கண்டோரை வியப்பில் ஆழ்த்தியது. இருமுனையும் கூர்மையாய், கடற்போரில் விடும் டார்ப்பிடோக் குண்டைப்போல நீண்டிருந்தது. அலுமினியத்தை முதலாகக் கொண்ட பார்டினியம் என்னும் இலேசான கலப்பு உலோகத் தகட்டால் அவ்வுடலை ரோட்ஷில்ட் என்னும் வண்டிக் கம்பெனியார் செய்து கொடுத்தனர். பின்சக்கரங்களை நேரே சுழற்றுமாறு 25 கிலோவாட் வலியுள்ள இரண்டு மோட்டார்கள் பொருத்தப்பெற்றன. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 68 குதிரைச் சக்தி. 200 வோல்ட் அழுத்தத்தில் ஒவ்வொரு மோட்டாரும் 124 ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். இடையே சங்கிலி இல்லை. பற்சக்கர மாற்று இல்லை. உள்ளே புல்மென் சேமக்கலங்கள் நெருங்க அடுக்கப்பெற்றிருந்தன. காற்றடைத்த மிஷ்லின் டயர்கள் சிறிய சக்கரங்களைச் சூழ்ந்திருந்தன. மொத்த நிறை ஏறக்குறைய ஒன்றரை டன்.

இவ்வளவு நுட்பமாக உடலை அமைத்தவர், ஒரு பெருங்குறையை விட்டுவிட்டார். சக்கரங்களும் அச்சுகளும் உடலுக்குக் கீழே வெளிப்பட்டு நின்றன. செலுத்துபவரோ யானைமேலிருக்கும் பாகனைப்போல இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே தோன்ற அமர்ந்திருந்தார். கூர்நுனியால் மிச்சப்படுத்திய வலியில் ஒரு பகுதியை அவர் மார்பே காற்றுக்குத் திரும்பக் கொடுத்திருக்கும். ஆனால் அவர் காலத்தில் விமானமே பறக்கவில்லை. காற்றோட்டத்தை ஆராயும் கூடங்கள் அரியவை. முதலில் நடப்பவன் கால் இடறுவதைப் பின்னால் வருபவன் எண்ணிக்காட்டுதல் எளிது.

அவ்வண்டிக்கு லா ஜமே கோந்தாந்த் என்று பெயர். என்றும் திருப்தியுறாதவள் என்பது அதன் பொருள். பிரெஞ்சு மொழியில் வண்டி என்னும் சொல் பெண்பாலாதலின் பெயரும் பெண்பாலாயிற்று. இப்பெயர் எவரைக் குறித்தது என்று பலர் பலவாறு கூறுவர். செய்தவருடைய உள்ளத்தைக் குறித்தது என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது.

1899-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள் அவ்வண்டி அஷேர்ச் சாலையில் ஓடியது. ஒரு கிலோமீட்டரைக் கடக்க அதற்குச் சென்ற காலம் 34 வினாடி. 3,600-ஐ 34-ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 105.88 கிலோமீட்டர் என்று வரும். நாம் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் முடிந்துபோன ஓட்டம் அது. அதற்காக மாதக்கணக்கில் உழைப்பும் பெரும்பொருளும் செலவாயின. பிரபு மறுபடியும் போருக்கு எழவில்லை. அவர் நெடுநாள் நோய்வாய்ப்பட்டு 1903-இல் இளமையிலேயே காலமானார். ஜெனாட்ஸியாரின் சாதனை மூன்று ஆண்டுகள் அசையாது நின்றது. 1902-ஆம் ஆண்டு ஏப்ரலில் நீஸ் நகரத்துக் கடற்கரைச் சாலையில் லேயோன் ஸெர்போலே என்பவர் நீராவி வண்டியில் 120.80 கிலோமீட்டர் வேகம் ஓடி அதனை முறித்தார்.

இவ்விடத்தில் சரித்திரத்தை முடித்துவிட்டால் அழகாக இருக்கும், உண்மையாக இராது. மின்சார வண்டியாற் புகழ்பெற்ற இவ்வீரர், சில ஆண்டுகளுக்குள் பெட்ரோல் வண்டிகளின் பந்தயத்தில் இறங்கிவிட்டார். இதனைக் கொள்கை மாறாட்டம் என்று சிலர் இகழக்கூடும். யாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு அரசனாக விளங்கிய வண்டி, நூறு கிலோமீட்டருக்கு வழிப்போக்கனாகவும் ஆக முடியவில்லை என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. பெட்ரோல் யந்திரத்தையும் மின்சாரத்தையும் ஒருங்கே பொருத்திய வண்டியையும் அவர் செய்து பார்த்தார். இக்காலத்தில் கலப்பின வண்டி என்று விளம்பரம் செய்கின்றார்களே, அக்கருத்தின் பழைய வடிவம் அது.

பந்தயச் சாலையில் அவர் தோற்றமே தனி. சிவந்த தாடி காற்றிற் பறக்க, கண்கள் ஒளிவிட, அஞ்சாது பாய்ந்து செல்லும் அவரைச் செம்பேய் என்று ஜனங்கள் அழைத்தனர். 1902-இல் ஆர்தென் காட்டுப் பிரதேசத்து வட்டப் பந்தயத்தில் அவருடைய வண்டி சுக்குநூறாகியும், அவர் பெருங்காயமின்றி எழுந்து நின்றார்.

அவர் வாழ்வின் இரண்டாம் சிகரம் 1903-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 2-ஆம் நாள் ஐர்லாந்தில் நிகழ்ந்த கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயம். முன்னாண்டு வென்றவர் ஆங்கிலேயராதலின் பந்தயத்தை நடத்தும் உரிமை பிரிட்டனுக்கு வந்தது. ஆனால் இங்கிலாந்தின் பொதுச்சாலைகளிற் பந்தயம் ஓடச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே பார்லிமெண்டில் தனிச்சட்டம் இயற்றி ஐர்லாந்துச் சாலைகளைத் திறந்துவிட்டனர். அதற்குச் சில வாரங்கட்கு முன்னர்த்தான் பாரிஸ்-மட்ரிட் பந்தயத்தில் மார்ஸெல் ரெனோ முதலியோர் மாண்டு, பந்தயம் போர்தோவிலேயே நிறுத்தப்பெற்றிருந்தது. ஐர்லாந்தில் யாருக்கு என்ன நேருமோ என்று எல்லோரும் நடுங்கியிருந்தனர்.

ஜெனாட்ஸியார் ஜெர்மனியின் சார்பில் மெர்ஸிடீஸ் வண்டி செலுத்த ஒப்பியிருந்தார். அவருக்கென 90 குதிரைச் சக்தியுள்ள வண்டி ஆயத்தமாயிருந்தது. பந்தயத்திற்கு மூன்று வாரத்திற்கு முன் கான்ஷ்டாட் நகரத்துத் தொழிற்சாலையில் தீப்பிடித்து அவ்வண்டிகள் வெந்து சாம்பலாயின. கம்பெனியார் மனந்தளராது, விற்றுவிட்ட 60 குதிரைச் சக்தி வண்டிகளை வாங்கியோரிடமிருந்தே இரவல் பெற்றனர். டின்ஸ்மோர் என்னும் அமெரிக்கச் செல்வர் கொடுத்த வண்டி ஜெனாட்ஸியாருக்குக் கிடைத்தது. இரவல் வண்டியைக் கொண்டு, பிரான்சின் தேர்ந்த வீரர்களை எதிர்த்து, 527 கிலோமீட்டர் தூரத்தை ஆறு மணி முப்பத்தொன்பது நிமிஷத்தில் ஓடி அவர் முதல்வரானார். இரண்டாவதாக வந்த ரெனே தெ க்னீப் பத்து நிமிஷத்திற்கு மேற் பின்தங்கினார். எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மெர்ஸிடீஸ் என்னும் பெயர் உலகெங்கும் பரவுவதற்கு இவ்வெற்றி பெருந்துணையாயிற்று. மறு ஆண்டு ஜெர்மனியில் கெய்ஸர் மன்னர் காண நடந்த அதே கோப்பைப் பந்தயத்தில் பிரெஞ்சுக்காரராகிய தேரி என்பவருக்கு அடுத்த இடமே அவருக்குக் கிடைத்தது. பின்னர் அவர் படிப்படியாகப் பந்தயங்களிலிருந்து ஒதுங்கி, பிரஸ்ஸெல்ஸில் டயர்த் தொழிலைக் கவனித்து வந்தார். தந்தையின் ரப்பர்த் தொழிலை உதறிச் சென்றவர் அதே ரப்பரினிடம் திரும்பியது ஊழின் விளையாட்டுப் போலும்.

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தினின்றும், நொறுங்கிய வண்டியினின்றும் தப்பிய அவருக்கு மரணம் வேறொரு வழியிற் காத்திருந்தது. 1913-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஆர்தென் காட்டிலுள்ள ஆபே-லா-நூவ் என்னும் இடத்தில் நண்பர்களுடன் வேட்டைக்குச் சென்றிருந்தார். எப்பொழுதும் விளையாட்டு மனம் படைத்த அவர், நண்பரை ஏமாற்ற நினைந்து ஒரு புதரின் பின்னே மறைந்து காட்டு விலங்கைப்போல் உறுமினார். அவ்வொலியை மெய்யென்று நம்பிய நண்பர் ஒருவர் துப்பாக்கியைச் சுட்டுவிட்டார். குண்டு அவர்மேற் பாய்ந்தது. பதறியோடி வந்தவர்கள் அவரை மோட்டாரில் ஏற்றி வைத்தியரிடம் விரைந்தனர். வழியிலேயே உயிர் பிரிந்தது. அவ்வண்டி ஒரு மெர்ஸிடீஸ் என்பர். தாம் மெர்ஸிடீஸ் வண்டியிலேயே இறப்போம் என்று அவர் முன்னரே கூறியிருந்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தைந்து. குறி தவறாது சுட்ட அந்த நண்பர் எஞ்சிய தம் வாழ்நாளை எங்ஙனம் கழித்திருப்பார் என்பதை நினைக்கும்போது, இறந்தவரைவிட அவருக்காகவே நெஞ்சம் இளகுகின்றது.

அவர் விட்டுச்சென்ற வினா மட்டும் நெடுங்காலம் விடையின்றிக் கிடந்தது. ஈயத்தினும் இலேசான சேமக்கலம் கிடைக்குமா என்பதே அது. லித்தியம் சேமக்கலங்கள் 1991-இல் விற்பனைக்கு வந்தபின் நிலை மாறியது. அவை அதே நிறைக்கு ஈயக்கலத்தைப்போற் பன்மடங்கு மின்சாரத்தைத் தாங்குகின்றன. 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் பீஜிங் நகர வீதிகளில் மின்சாரப் பந்தய வண்டிகளுக்கென்றே அமைந்த உலகத் தொடர் தொடங்கியது. அதன் முதல் பருவங்களில் ஒரே வண்டியின் சேமக்கலம் பந்தயம் முடியும்வரை தாங்காமையால், வீரர்கள் நடுவழியில் வண்டி மாறி ஏறினர். ஜான்தோ 1895-இல் வழிநெடுக மாற்றுக்கலம் வைத்த செய்தியை அப்பொழுது எத்தனை பேர் நினைந்தனரோ! 2018-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய பருவம் முதல் ஒரே வண்டி முழுப் பந்தயத்தையும் ஓடி முடித்தது. சாலையில் நாம் காணும் சாதாரணக் கார்களின் சாயலுள்ள மின்சார வண்டிகளுக்கும் 2021-இல் தனிப்பந்தயம் ஏற்பட்டது.

ஜெனாட்ஸியார் பிரஸ்ஸெல்ஸ் நகரத்து லாக்கன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். லா ஜமே கோந்தாந்த் என்னும் வண்டி அழியவில்லை. பாரிஸுக்கு வடக்கேயுள்ள கொம்பியேன் அரண்மனையின் வண்டிக் காட்சிசாலையில், அரசர்கள் ஏறிச்சென்ற குதிரை ரதங்கள் வைக்கப்பெற்றிருக்கும் அதே மாளிகையில், டார்ப்பிடோ வடிவமான அதன் சிறிய உடலை வரும் ஜனங்கள் நின்று பார்த்துச் செல்கின்றனர்.